ஒரகடத்துச் சிறு ஆலைக்கு ஒரு லிங்க்ட்இன் பக்கம்

2014 நவம்பர் 1 முதல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. 2006-ல் தொடங்கிய ஆலை அது. நன்றாக ஓடிய காலத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் வாங்கி முடித்தபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை கைமாறவில்லை. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் கைபேசி செய்து கொடுத்தது. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் கதவு மூடியது. டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது.

வேலையிழந்த இளம் பெண்களைப் பற்றி அப்போது நிறைய எழுதினார்கள், எழுதவேண்டியதுதான். அந்தப் பேச்சில் அதிகம் அடிபடாத இன்னொரு கூட்டம் உண்டு: தட்டு வார்த்தவர்கள், அட்டைப்பெட்டி செய்தவர்கள், ஜிக் ஃபிக்ஸர் கடைந்தவர்கள். ‘நோக்கியா வெண்டர்’ என்பதே விலாசமாக இருந்த ஒருவருக்கு, நோக்கியா போன மறுநாள் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்பதே கேள்வி. கை இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பது அந்த ஒரே வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் துறைக்கு மட்டுமே தெரியும்.

ஏழு ஆண்டுகள் கழித்து, இந்த வட்டாரத்தை ஒட்டிய மறைமலைநகரில் அதே நிலைமை திரும்பியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி கார் வெளியே வந்தது. 2025-ல் ஒரகடம் ரெனோ நிசான் ஆலையில் நிசான் வைத்திருந்த 51 சதவீதப் பங்கை ரெனோ வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. இம்முறை ஆலை மூடப்படவில்லை, முதலாளிதான் மாறினார். ஆனாலும் பாகம் சப்ளை செய்கிறவர்களுக்கு முடிவெடுக்கும் ஆள் மாறுவதும் பெரிய செய்திதான்.

லிங்க்ட்இன் ப்ரொஃபைலைப் பற்றி எழுத வந்த கட்டுரை ஆலை மூடல்களில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தடத்தில் இருக்கும் சிறு ஆலைகளுக்கு நல்ல ப்ரொஃபைல் என்பது பகட்டு சமாச்சாரம் இல்லை. யாருக்குச் செய்கிறோம் என்பதிலிருந்து எதைச் செய்யத் தெரியும் என்பதற்குத் தங்கள் அடையாளத்தை மாற்றி எழுதிக்கொள்ளும் வேலை அது. ஆர்டர் நிறைய இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

யார் தேடுகிறார்கள்?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வரும் பகுதி இது. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. 2000-ல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. ஒரகடத்தில் கொமாட்சு, பிறகு 2010-ல் ரெனோ நிசானும் அப்பல்லோ டயர்ஸும், 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. அதன் பின் வல்லம் வடகாலில் யமஹா, மறுபடியும் ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐஃபோன் கோக்கிறது. மூடிக்கிடந்த நோக்கியா ஆலையையும் சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக 2019-ல் அறிவிக்கப்பட்டது.

இந்தப் பெரிய பெயர்களுக்குக் கீழே டயர் 1 எனப்படும் முதல் அடுக்கு சப்ளையர்கள், அதற்குக் கீழே டயர் 2, டயர் 3 என்று அடுக்கு நீள்கிறது. இருபது முப்பது பேரை வைத்து டர்னிங், மில்லிங், பிரஸ் வேலை, மோல்டிங், பவுடர் கோட்டிங் செய்யும் ஆலைகள் கடைசி அடுக்கில் இருக்கின்றன. அவற்றுக்குப் புது ஆர்டர் பெரும்பாலும் பழக்கத்தால்தான் வந்தது. ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் இன்னொருவரிடம் சொல்வார், ஒரு டூல் ரூம்காரர் கைகாட்டுவார், அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நந்தம்பாக்கத்தில் நடத்தும் ஆக்மி கண்காட்சியில் விசிட்டிங் கார்டு கைமாறும்.

அந்த வழிகள் இன்றும் அடைபடவில்லை. மாறியிருப்பது கார்டு வாங்கியவர் அடுத்துச் செய்யும் காரியம். அலுவலகத்துக்குப் போய் ஆலையின் பெயரைத் தட்டித் தேடுகிறார். அந்தத் தேடலில் முன்னால் வருகிற பக்கங்களில் லிங்க்ட்இன் பெரும்பாலும் ஒன்றாக இருக்கிறது. 2003-ல் தொடங்கிய அந்தத் தளத்தை 2016-ல் 26.2 பில்லியன் டாலருக்கு வாங்கியதும் மைக்ரோசாஃப்ட்தான். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிகப் பயனர்கள் இந்தியாவில்தான். எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டி வெகுகாலமாகிறது.

தேடுகிறவர்களில் மூன்று வகையினர் இந்தத் தடத்துக்கு முக்கியம். முதலாவது சோர்சிங் ஆள். புது மாடலுக்கு விலை வாங்க வெண்டர் பட்டியல் தயாரிக்கிறவர். இரண்டாவது சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர். ஆலைக்கு ஆடிட் வரப்போகிறவர். மூன்றாவது வெளிநாட்டு வாங்குநர்; சீனாவைத் தவிர இன்னொரு இடத்திலும் ஒரு சப்ளையர் வேண்டும் என்று பார்க்கிறவர். மூவரும் தேடுவது தொழிலதிபரின் புகழுரையை அல்ல. இவரால் இந்தப் பாகத்தைச் செய்ய முடியுமா, எத்தனை நாளில், எந்தத் தரத்தில் என்பதே அவர்கள் கேள்வி.

பெயருக்குக் கீழே உள்ள ஒற்றை வரி

லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. தேடல் முடிவிலும், கருத்து எழுதும் இடத்திலும், அழைப்பு அனுப்பும்போதும் பெயரோடு கூடவே போகிற வரி அதுதான். ஒன்றும் எழுதாமல் விட்டால் பதவியையும் நிறுவனப் பெயரையும் தளமே போட்டுக்கொள்கிறது. ‘நிர்வாக இயக்குநர், இன்னார் இண்டஸ்ட்ரீஸ்’ என்று நின்றுவிடும். அதைப் படிப்பவருக்கு அது ஊறுகாய் ஆலையா, உலோக ஆலையா என்றுகூடத் தெரியாது.

அதே இடத்தில் இப்படி இருந்தால்: ‘அலுமினியம் பிரஷர் டை காஸ்டிங், 250 முதல் 800 டன் வரை. சிஎன்சி மெஷினிங் உள்ளேயே. ஐஏடிஎஃப் 16949. ஒரகடம், காஞ்சிபுரம் மாவட்டம்.’ என்ன வேலை, எவ்வளவு கொள்ளளவு, எந்தச் சான்று, எந்த ஊர் என்ற நான்கு கேள்விக்கும் பதில் அதிலேயே கிடைத்துவிடுகிறது. சோர்சிங் ஆள் தேடல் பெட்டியில் தட்டும் சொற்களும் இவையேதான்.

ஊர்ப் பெயரை விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிற தவறு. பலர் ‘சென்னை’ என்று மட்டும் போடுகிறார்கள். வாகன ஆலைகள் பாகங்களைக் குவித்து வைப்பதில்லை. தேவையான நேரத்துக்குத் தேவையான அளவு வந்து சேர வேண்டும் என்ற முறையில்தான் லைன் ஓடுகிறது. ஆகவே சிங்கப்பெருமாள்கோவில் சாலையிலோ வண்டலூர் வாலாஜாபாத் சாலையிலோ ஆலை இருக்கிறது என்பதே ஒரு தகுதி. ஒரகடம் டயர் 1 ஆலையில் இருப்பவருக்கு மாதவரமும் சென்னைதான், வல்லமும் சென்னைதான் என்று தெரிந்தால் என்ன பயன்? பக்கத்து ஊர்க்காரரைத்தான் அவர் தேடுகிறார்.

தனிமனிதர் ப்ரொஃபைலும் நிறுவனப் பக்கமும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆலையின் பெயரையே ஆள் பெயராகப் போட்டு, லோகோவை முகமாக வைத்து நடத்தப்படும் கணக்குகள் நிறைய உண்டு. அது லிங்க்ட்இனின் விதிக்கே புறம்பானது. ப்ரொஃபைல் உண்மையான மனிதருக்கு உரியது. விதி மீறினால் கணக்கு முடக்கப்படலாம், அத்தனை தொடர்புகளும் அதோடு போகும். முதலாளி தன் பெயரில் ஒரு ப்ரொஃபைல், ஆலைக்கு ஒரு நிறுவனப் பக்கம், குவாலிட்டி தலைவரும் மார்க்கெட்டிங் பார்க்கிறவரும் தங்கள் ப்ரொஃபைலில் அந்தப் பக்கத்தைச் சரியாக இணைத்திருப்பது. இவ்வளவுதான் முறை. நிறுவனப் பக்கத்தில் சிறப்புத் திறன் என்று 20 வரை சேர்க்க இடமிருக்கிறது. ‘தரம்’, ‘நேர்மை’ என்று அங்கே நிரப்புவதைவிட ‘டீப் டிரா’, ‘டிக் வெல்டிங்’, ‘இன்சர்ட் மோல்டிங்’ என்று எழுதினால் தேடலில் ஆலை கிடைக்கும்.

ஆடிட்டின் முதல் பக்கம்

‘என்னைப் பற்றி’ என்ற பகுதிக்கு 2,600 எழுத்து வரை உண்டு. முதல் சில வரி மட்டும்தான் கண்ணில் படும். மீதியைப் பார்க்க விரித்துப் படிக்க வேண்டும். அதனால், தாத்தா லேத் வைத்திருந்த கதையை இரண்டாம் பத்திக்குத் தள்ளிவிட்டு, முதல் மூன்று வரியில் ஆலை என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து வரவேண்டியது ஓர் ஆடிட்டர் கேட்கும் வரிசை. வாகனத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். வெண்டர் பதிவு, ரகசிய ஒப்பந்தம், விலைக் கோரிக்கை, ஆலை ஆடிட், டூலிங், சாம்பிள், பிபிஏபி ஒப்புதல், அதற்குப் பிறகுதான் தொடர் உற்பத்தி. பிபிஏபி (உற்பத்திப் பாக ஒப்புதல் நடைமுறை) என்றால் 18 அங்கங்கள் கொண்ட ஆவணத் தொகுப்பு. ஐந்து நிலைகளில் சமர்ப்பிக்கலாம், வேறாகச் சொல்லாவிட்டால் மூன்றாம் நிலை. எவ்வளவு சிறிய ஆலையும் இதைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். எந்த ப்ரொஃபைலும் இந்தப் படிகளில் ஒன்றைக்கூடக் குறைத்துத் தராது. முதல் படியில் ஏற்றிவிட மட்டுமே அதனால் முடியும்.

முடிந்தவரை ஆடிட்டர் தேடும் வரிசையிலேயே பக்கத்தை எழுதுவது அதனால்தான் பயன் தருகிறது. இயந்திரப் பட்டியல்: எத்தனை விஎம்சி, என்ன பெட் அளவு, எத்தனை ஆக்ஸிஸ், பிரஸ் என்றால் எத்தனை டன். அளவிடும் கருவிகள்: சிஎம்எம் இருக்கிறதா, ப்ரொஃபைல் புரொஜெக்டர் இருக்கிறதா, கேலிப்ரேஷன் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நடக்கிறதா. பொருள்: எந்த அலாய், எந்தப் பிளாஸ்டிக். துல்லியம்: எத்தனை மைக்ரான் வரை தொடர் உற்பத்தியில் பிடிக்க முடிகிறது. வெளியே அனுப்பும் வேலைகள்: ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் யாரிடம் என்ற பெயர் வேண்டாம், எத்தனை தூரத்தில் என்று சொன்னால் போதும். எந்த நிலை பிபிஏபி வரை கொடுத்த அனுபவம் உண்டு என்பதையும் சேர்க்கலாம்.

இந்தப் பட்டியலை இரண்டு பக்க பிடிஎஃப் ஆக்கி, தனிமனிதர் ப்ரொஃபைலில் உள்ள சிறப்புப் பகுதியில் வைத்துவிடலாம். குவாலிட்டி இன்ஜினியருக்கு அதைத் தன் மேலதிகாரிக்கு அனுப்புவது எளிது. ஆலை முகப்பும் ஆயுத பூஜைப் படங்களும் நெஞ்சுக்கு நெருக்கமானவைதான். அவற்றோடு சிஎம்எம் அறையின் படம் ஒன்றும் இருந்தால் வாங்குகிறவருக்கு வேலை நடக்கும்.

சான்றுகளைச் சரியாக எழுதுவது தனிக் கவனம் கேட்கிறது. வாகனப் பாகத் தரத்துக்கான சான்று ஐஏடிஎஃப் 16949:2016, பொதுத் தர மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 9001:2015. ‘ஐஏடிஎஃப் தரத்தில் இயங்குகிறோம்’ என்று மழுப்பி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சான்று இருந்தால் எண், வழங்கிய அமைப்பு, காலாவதி மாதம் மூன்றும் வரட்டும். இல்லையென்றால் ஐஎஸ்ஓ மட்டும் இருக்கிறது, இன்ன மாதம் ஐஏடிஎஃப் ஆடிட்டுக்குத் தயாராகிறோம் என்று எழுதினால் மதிப்பு குறையாது. இந்தச் சான்றுகள் செல்லுபடியாகுமா என்று சரிபார்க்க இணையத்திலேயே வழி இருக்கிறது. பொய் சொன்னால் ஆடிட் வரை போகவே தேவையில்லை, உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் செட் (ZED) தரச் சான்றையும் குறிப்பிடலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. 2022-ல் புதுப்பித்த திட்டத்தில் குறு நிறுவனத்துக்குச் சான்றுக் கட்டணத்தில் 80 சதவீதம் மானியம். ஐஏடிஎஃப் செலவுக்கு இன்னும் துணியாத ஆலைக்கு இது ஒரு நல்ல தொடக்கம்.

சொல்லக்கூடாததும் சொல்ல வழியும்

இந்தத் தடத்தில் ப்ரொஃபைல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. மிகச் சிறந்த வேலையைத்தான் வெளியே காட்டக்கூடாது. வெளிவராத மாடலின் பாகம், வாடிக்கையாளரின் வரைபடம், கைபேசிக் கம்பெனிக்குச் செய்த ஜிக், எல்லாமே ரகசிய ஒப்பந்தத்துக்குள் இருக்கும். வாடிக்கையாளரின் லோகோவைப் போடவும் பல இடங்களில் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஷாப் ஃப்ளோரில் எடுத்த சாதாரணப் படத்தின் பின்னணியில் கான்பான் அட்டையில் பாக எண் தெரிந்துவிட்டால்கூடப் பிரச்சினைதான். படம் ஏற்றும் முன் பின்னணியில் உள்ள பெட்டி, பலகை, லேபிள் எல்லாவற்றையும் குவாலிட்டி ஆள் ஒருமுறை பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று ஆலையில் ஒரு விதி வைப்பது நல்லது.

அப்படியானால் திறமையை எப்படிக் காட்டுவது? டோக்கியோவின் ஓட்டா வட்டாரத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. சில பேர் மட்டும் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான உலோகப் பட்டறைகளால் பெயர் பெற்ற இடம் அது. ஒருவர் கடைந்ததை அடுத்தவர் சாணை பிடிப்பார், மூன்றாமவர் முலாம் பூசுவார். பெரிய நிறுவனங்கள் உற்பத்தியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் போக, அங்கே பட்டறைகளின் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. 2011-ல் அந்தப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து, பனிச்சறுக்குப் பாதையில் பாயும் பாப்ஸ்லெட் வண்டி ஒன்றைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பட்டறையும் தனக்குக் கைவந்த பாகத்தைச் செய்து கொடுத்தது. அந்த வண்டியைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டிருந்த ஜமைக்கா அணி, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் கடைசியில் லாட்வியாவில் செய்த வண்டியையே எடுத்துக்கொண்டது. அது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் யாருடைய ரகசியமும் இல்லாத, எவரும் படம் எடுக்கக்கூடிய ஒரு பொருள் மூலம் தங்களால் என்ன முடியும் என்பதை அவர்கள் உலகுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

வல்லத்திலோ பிள்ளைப்பாக்கத்திலோ பாப்ஸ்லெட் செய்ய வேண்டியதில்லை. ஆலையின் சொந்தச் சாம்பிள் ஒன்று போதும்: மெல்லிய சுவர், ஆழமான துளை, சிக்கலான வளைவு எல்லாம் சேர்ந்த ஒரு காட்சிப் பாகம். வாடிக்கையாளர் யாரும் சொந்தம் கொண்டாட முடியாதது. அதன் சிஎம்எம் அறிக்கையோடு படத்தைப் போட்டால், ஒப்பந்தத்தை மீறாமலே திறமை தெரிந்துவிடும். ஹீட் ட்ரீட்மென்ட்காரர், பிளேட்டிங்காரர், அசெம்பிளிக்காரர் என்று பக்கத்து ஆலைகள் நான்கு சேர்ந்து ஒரு பொருளைச் செய்து, நால்வரும் தத்தம் பக்கத்தில் போட்டால் இன்னும் சிறப்பு.

ஆள் மாறினாலும் தொடர்பு மாறாது

விசிட்டிங் கார்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதிலிருக்கும் மின்னஞ்சலும் எண்ணும் கம்பெனியுடையவை. ஆள் வேலை மாறினால் கார்டு செத்துவிடும். ஸ்ரீபெரும்புதூரில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கொரிய டயர் 1-ல் குவாலிட்டி பார்த்தவர் ஜெர்மன் லாரிக் கம்பெனிக்குப் போவார். நோக்கியாவிலும் ஃபோர்டிலும் பயிற்சி பெற்ற இன்ஜினியர்கள் இன்று எத்தனையோ ஆலைகளில் இருக்கிறார்கள். லிங்க்ட்இன் தொடர்பு மனிதரோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஒரு சப்ளையரின் வேலையை நேரில் பார்த்து நம்பிய இன்ஜினியர் வேறு கம்பெனிக்குப் போகும்போது, அங்கேயும் கதவைத் தட்ட ஒரு வழி பிறக்கிறது.

ஆகவே முதலில் இணைய வேண்டியவர்கள் முகம் தெரியாத இயக்குநர்கள் அல்லர். இதுவரை ஆடிட்டுக்கு வந்தவர்கள், ரிஜெக்ஷன் வந்தபோது சண்டை போட்டவர்கள், சாம்பிளை ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்குத்தான் இந்த ஆலையைத் தெரியும். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளோடு மட்டும்தான் குறிப்பு எழுதிச் சேர்க்க முடியும், அதுவும் 200 எழுத்துக்குள். அந்த இடத்தை ‘வணக்கம் சார், உங்களோடு இணைய விரும்புகிறேன்’ என்று வீணாக்க வேண்டாம். எங்கே சந்தித்தோம், எந்த வகைப் பாகம், இப்போது எந்த இயந்திரம் சேர்ந்திருக்கிறது என்று எழுதினால் எதிரில் இருப்பவருக்கு நினைவு வரும். அழைப்பை ஏற்றவுடனே விலைப்பட்டியலை அனுப்பினால் அவர் மறுமுறை திறக்கவே மாட்டார்.

மொழியும் முக்கியம். ஹூண்டாயோடு கொரியப் பாகக் கம்பெனிகள் பல இங்கே வந்தன. நிசானோடும் யமஹாவோடும் ஜப்பானியர்கள் வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரக் கொரிய உணவகங்களின் பெயர்ப்பலகையே அதற்குச் சாட்சி. லிங்க்ட்இனில் ஒரே ப்ரொஃபைலுக்கு இரண்டாவது மொழி வடிவம் சேர்க்கலாம். கொரியனிலோ ஜப்பானிய மொழியிலோ தலைப்பு வரியும் இயந்திரப் பட்டியலும் இருந்தால், அந்த வாங்குநரிடம் கிடைக்கும் மதிப்பு தனி. கணினி மொழிபெயர்த்ததை அப்படியே போடாமல் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது அவசியம்.

பதிவுகள் எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினம் ஒரு பொன்மொழி போடுகிற பக்கத்தை எந்த வாங்குநரும் தேடி வருவதில்லை. அவருக்கு உதவும் செய்தி எது? புதிய 400 டன் பிரஸ் வந்துவிட்டது. மோல்டிங்கில் இரண்டாம் ஷிஃப்ட் அடுத்த மாதம் காலியாகிறது. பர்ர் பிரச்சினையால் வந்த ரிஜெக்ஷனைக் காரணம் கண்டுபிடித்து இப்படி நிறுத்தினோம் (வாடிக்கையாளர் பெயர், பாக எண் இல்லாமல்). காலியாக இருக்கும் கொள்ளளவை வெளியே சொல்வது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். அவசரமாக ஒரு சப்ளையரைத் தேடும் சோர்சிங் ஆளுக்கு அதுதான் முதலில் தெரியவேண்டிய செய்தி.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

ப்ரொஃபைலில் ஒரு பெயர், ஜிஎஸ்டியில் இன்னொரு பெயர், உத்யம் பதிவில் பழைய முகவரி. இப்படி இருந்தால் வெண்டர் பதிவிலேயே கோப்பு நின்றுவிடும். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைத் தட்டினால் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியும். தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும். வாங்கும் கம்பெனி பார்க்கும் முதல் இடங்களில் அது ஒன்று.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் உத்யம் பதிவையும் பக்கத்தில் குறிப்பிடுவது நல்லது. 2025 ஏப்ரலிலிருந்து வரம்புகள் உயர்ந்துவிட்டன: குறு நிறுவனத்துக்கு முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை, சிறு நிறுவனத்துக்கு 25 கோடியும் 100 கோடியும். பழைய வகையிலேயே இருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளலாம். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். விலை பேசும்போது இருவருக்கும் இது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

மோசடியும் இதே பாதையில் வருகிறது. பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் மேலாளர் என்று போலி ப்ரொஃபைல் வைத்துக்கொண்டு பதிவுக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று போலி மின்னஞ்சல் அனுப்புகிறவர்களும் உண்டு. பணம் கேட்டால், கம்பெனியின் அதிகாரபூர்வ எண்ணுக்குத் தானே அழைத்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக்கூடாது. முதலாளி தன் அடையாளத்தை டிஜிலாக்கர் ஆதார் வழியாக லிங்க்ட்இனில் சரிபார்த்துக்கொண்டால், எதிரே இருப்பவருக்கும் நம்பிக்கை கிடைக்கும்.

இப்போது ஏன்?

இந்தத் தடத்தைச் சுற்றி வாங்குகிறவர்கள் மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 9,000 கோடி ரூபாய். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மின்சாரக் கிரெட்டாவைச் செய்கிறது. மின்னணு உதிரிபாக உற்பத்திக்கு மத்திய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு ஒரு திட்டத்தை அறிவித்தது. மறைமலைநகர் ஆலையைத் திரும்பப் பயன்படுத்தும் விருப்பத்தை ஃபோர்டும் 2024-ல் தெரிவித்தது.

எஞ்சின் பாகம் கடைந்துகொண்டிருந்த ஆலைக்கு மின்சார மோட்டார் உறை செய்யவும் முடியும். வாகன பிளாஸ்டிக் வார்ப்பவருக்குக் கைபேசி ஆலையின் தட்டுகளும் கைக்கு எட்டும் வேலைதான். புது வாங்குநர்களுக்கு இந்த ஆலைகளைத் தெரியாது. ‘இன்னார் வெண்டர்’ என்ற பழைய விலாசம் அவர்களிடம் செல்லாது. எந்த டன், எந்த அலாய், எத்தனை மைக்ரான் என்ற விலாசம் செல்லும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆலை நடத்துகிறவர்களுக்கும் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆலையின் பெயரைத் தேடிப் பாருங்கள், வெளியாள் ஒருவர் பார்ப்பதுபோல. குவாலிட்டி பொறுப்பாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தலைப்பு வரியை மாற்றுங்கள், இயந்திரப் பட்டியலை ஏற்றுங்கள், காலாவதியான சான்றை எடுத்துவிடுங்கள், ஜிஎஸ்டியில் உள்ள பெயரோடு ஒத்துப்பாருங்கள். பிறகு கடைசியாக ஆடிட்டுக்கு வந்த இன்ஜினியருக்கு ஓர் அழைப்பு அனுப்புங்கள். காசு செலவில்லாத வேலை. ஆர்டர் கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.